பைக்கின் பின் ஷாக்கைக் கழற்றி மாட்டுவது: வீட்டில் இருக்கும் சாமானை வைத்தே

பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் வண்டியில் பிடித்து வைத்திருப்பது மொத்தமே நான்கு நட்டுதான். ஆனாலும் முதல்முறை கை வைக்கிறவர்களுக்கு அரைநாள் போய்விடுகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றே: இரண்டு ஷாக்கையும் ஒன்றாகக் கழற்றிவிடுகிறார்கள். சக்கரம் தொங்கித் தரையில் உட்காருகிறது, அதன்பின் எந்த ஓட்டையும் எதற்கும் நேராக வருவதில்லை. ஒரு பக்கம் கழற்றி, மாட்டி, பிறகு அடுத்த பக்கம் என்று போனால் பழகாத கைக்கும் ஒன்றரை மணி நேரம் போதும்.

இங்கே சொல்வது இருபுறமும் ஷாக் உள்ள வண்டிகளுக்கு. ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி, ஷைன் போன்றவை. நடுவில் ஒற்றை ஷாக் உள்ள மோனோஷாக் வண்டிக்கு இது பொருந்தாது. அதில் ஷாக்கை எடுத்தால், பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மைத் தாங்க வேறொன்றும் இல்லை. வண்டியின் பின்பகுதியை மேலிருந்து கட்டித் தூக்கித்தான் வேலை செய்ய வேண்டும்.

1. கழற்றத்தான் வேண்டுமா?

சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் ஓங்கி அமுக்கி விடுங்கள். வண்டி எழுந்து ஒரே தடவையில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் உள்ளே ஆயில் வேலை செய்யவில்லை. பளபளக்கும் தண்டின் மேல் செம்மண் தூசு குழம்பாக ஒட்டியிருந்தால் சீல் போய் ஆயில் கசிகிறது.

'டக் டக்' சத்தம் மட்டும் என்றால் ஷாக்கே கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டபுள் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் நகர்ந்த பிறகுதான் ஷாக் அசைகிறது என்றால், ஷாக்கின் முனையில் உள்ள கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. அது சில்லறை வேலை. சக்கரம் இடவலமாக ஆடினால் கோளாறு ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் அல்லது சக்கர பேரிங்கில். ஷாக்கை மாற்றியும் சத்தம் போகாது.

மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி கிரேட்டும் பால் கேனும் ஏற்றுகிற வண்டிகளில் சுமை ஒரு பக்கமாகவே தொங்கி, அந்தப் பக்க ஷாக் முதலில் போகும். அதை மட்டும் புதிதாக்கினால் ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் தொய்வு. வளைவில் வண்டி நெளியும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர்: 12, 14, 17 மி.மீ. பெரும்பாலான சிறிய வண்டிகளில் 14 போதும், ஆனால் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஓபன் ஸ்பேனர் வேண்டாம். மேலே இருக்கும் தொப்பி நட்டின் மூலைகள் உயரம் குறைவு. வாய் திறந்த ஸ்பேனர் வழுக்கி மூலையை மழுக்கிவிடும்.

வண்டியோடு வந்த கொக்கி ஸ்பேனர், நடுத்தர சுத்தியல், கம்பி பிரஷ், இரண்டடி நீளப் பலகை ஒன்று, ஒரு செங்கல், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை, கோணிச் சாக்கு, கொஞ்சம் கிரீஸ். துருவிலக்கும் எண்ணெய் டபிள்யூடி-40 இருந்தால் சரி. இல்லையென்றால் டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலைக் கலந்தால் போதும்.

எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் யாரிடமும் இருக்காது. அதற்குப் பதில் புளி, காய்கறி எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். கடைசியில் முறுக்கும்போது அதுதான் டார்க் ரெஞ்ச்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை, ஏனென்றால் ஸ்பிரிங்கை நாம் பிரிக்கப் போவதில்லை. அமுங்கிய நிலையில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டிப் பிரிக்க முயல்வது முகத்தைக் கொடுத்துப் பார்க்கிற வேலை.

3. முந்தின நாள் இரவு

நான்கு நட்டின் சுற்றிலும் உள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முக்கியமாகக் கீழ் இரண்டும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு அங்கேதான் காய்ந்து கல்லாகும். மண்ணோடு சேர்த்து நட்டைத் திருகினால் மணல் மரைக்குள் போய் அரைக்கும்.

பிறகு ஒவ்வொரு நட்டின் அடியிலும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். நட்டின் தலையில் ஊற்றிப் பயனில்லை. வாஷருக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள கோட்டில் இறங்க வேண்டும். பிரேக் டிரம், டிஸ்க், டயர் மேல் சொட்டாமல் துணி வையுங்கள்.

அப்படியே கைப்பேசியில் இரண்டு பக்கமும் நான்கைந்து படம். எந்த வாஷர் உள்ளே, எது வெளியே, கேரியரின் கம்பி நட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது மறுநாள் நினைவிருக்காது.

4. மறைப்பதை விலக்குதல்

இடப்பக்கம் சாரி கார்டு, வலப்பக்கம் சைலன்சர். சில வண்டிகளில் சாரி கார்டின் கால் ஒன்று ஷாக் நட்டிலேயே மாட்டியிருக்கும். பின் கேரியரும் அப்படியே. அது கூட வரும் என்று தெரிந்து வைத்தால் போதும், தனியாகக் கழற்ற வேண்டாம்.

சைலன்சரை எடுக்காமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். வளைந்த கழுத்துள்ள ரிங் ஸ்பேனர் பல வண்டிகளில் உள்ளே போய்விடும். என்ஜின் ஹெட்டில் சைலன்சரைப் பிடிக்கும் சின்ன ஸ்டட்கள், அதாவது தலையில்லாத மரைத் தண்டுகள், சூட்டில் துருவேறி இறுகியிருக்கும். அவை அலுமினியத்துக்குள் முறிந்தால், ஷாக் வேலைக்கு வந்தவர் லேத் பட்டறையில் உட்கார வேண்டியிருக்கும்.

வழியே இல்லை என்றால், என்ஜின் ஆறிய பிறகு ஹெட்டில் சைலன்சரைப் பிடிக்கும் நட்டுகளை மட்டும் இரண்டு மரை தளர்த்தி, பின்னால் உள்ள போல்ட்டை எடுத்து, சைலன்சரை வெளிப்பக்கம் இரண்டு விரல்கடை தள்ளி அடியில் செங்கல் கொடுங்கள். முன்பக்கம் தளர்த்தாமல் பின்னால் மட்டும் கழற்றித் தொங்கவிட்டால் அதன் பாரம் முழுவதும் முன்னால் உள்ள ஸ்டட்களிலும் சைலன்சர் கேஸ்கெட்டிலும் விழும்.

5. முதல் இளக்கம் தரையில்

நட்டை இளக்குவது வண்டி இரண்டு சக்கரத்திலும் நிற்கும்போது, கழற்றுவது ஸ்டாண்டில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இறுகிய நட்டுக்கு ஓர் இழுப்பு கொடுக்க வேண்டும். டபுள் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை அப்படி இழுத்தால் ஸ்டாண்டிலிருந்து முன்னால் குதித்துவிடும், நீங்கள் அதன் பக்கத்தில் குந்தியிருக்கும்போது.

சைடு ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் வைத்து, முன் பிரேக் லிவரைச் சைக்கிள் டியூப் பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இப்போது நான்கு நட்டையும் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். எல்லாம் சாதாரண மரைதான், இடஞ்சுழியாகத் திருப்பினால் இளகும். அதற்கு மேல் இப்போது திருப்ப வேண்டாம்.

இளகவில்லையா? ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டி ஒரே மூச்சில் இழுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மேல் ஸ்டட் சேஸிஸோடு பற்றவைக்கப்பட்டது. அது முறிந்தால் நட்டு விலையில் முடியாது. முதலில் வலப்பக்கமாக, அதாவது இறுக்கும் திசையில், இம்மி அளவு அசைத்துப் பாருங்கள். துரு உடைவது 'டிக்' என்று கையில் தெரியும். பிறகு இளக்குங்கள். கொஞ்சம் போனால் பாதி திரும்பி வாருங்கள், மறுபடி எண்ணெய். நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டும் உதவும்.

கேஸ் விளக்கால் சூடு காட்டாதீர்கள். ரப்பர் புஷ் கருகும். அதைவிட, பல ஷாக்குகளுக்குள் அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயு இருக்கிறது. சூடு பட்டால் வெடிக்கும்.

6. ஸ்டாண்டில் ஏற்றுதல்

தரை முக்கியம். நம் ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் கிரானைட் பலகைதான் பாதி இடத்தில். பாலிஷ் போட்ட கல்லில் ஸ்டாண்டின் இரும்புக் கால் வழுக்கும். ஈரச் சாக்கை மடித்து அடியில் போடுங்கள். மண் தரையானால் கால் புதையும், அங்கே பலகை.

பின் சக்கரம் தரையை விட்டு எழுந்து, கையால் சுற்றினால் சுழல வேண்டும். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் பிரேக் கட்டு அப்படியே இருக்கட்டும். டபுள் ஸ்டாண்டு இல்லாத வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து இதைச் செய்யாதீர்கள். என்ஜினுக்கு அடியில் சேஸிஸ் குழாயைத் தாங்கும்படி மரக்கட்டை அடுக்கி, நிமிர்த்திய பிறகே ஆரம்பியுங்கள்.

7. ஒரு பக்கம் கழற்றுதல்

கீழ்ப்பக்கம் முதலில். கீழ் போல்ட் வந்தபின்னும் ஷாக் மேல் ஸ்டட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், காலில் விழாது. மேலே முதலில் கழற்றினால் ஷாக்கின் முழு நீளமும் கீழ்ப் போல்ட்டை மையமாக வைத்துச் சாய்ந்து, சைலன்சரையோ உங்கள் முழங்காலையோ இடிக்கும்.

நட்டு எளிதாக வந்துவிடும். போல்ட் வராது. இங்கேதான் எல்லோரும் சுத்தியலை எடுக்கிறார்கள். போல்ட் சிக்கியிருப்பது துருவால் மட்டும் அல்ல. தொங்குகிற சக்கரத்தின் பாரம் முழுவதும் அந்தப் போல்ட்டை ஒரு பக்கமாக அமுக்கிக்கொண்டிருக்கிறது. பலகையின் ஒரு முனையை டயருக்கு அடியில் கொடுத்து, செங்கல்லை நடுவில் தாங்கலாக வைத்து, மறுமுனையைக் காலால் மெதுவாக மிதியுங்கள். ஒரு கை போல்ட் தலையில் இருக்கட்டும். சக்கரம் ஒரு சென்டிமீட்டர் எழும்பும் போதே, இதுவரை அசையாத போல்ட் விரல் நுனியில் சுற்றும். அந்த உயரத்தில் காலை நிறுத்திவிட்டு உருவுங்கள். அதற்கு மேல் மிதித்தால் பாரம் எதிர்ப்பக்கம் திரும்பி மறுபடி இறுகும்.

கீழே கவை போல இரண்டு காதுள்ள ஷாக்காக இருந்தால், ஒரு காதிலேயே மரை வெட்டியோ நட்டு பற்றவைத்தோ இருக்கலாம். அதில் போல்ட்டைத்தான் சுற்ற வேண்டும், ஒரு பக்கமாக மட்டுமே வரும். நட்டு எங்கே என்று தேடி மறுபக்கம் தட்டி மரையைக் கெடுப்பவர்கள் உண்டு.

பிறகு மேல் தொப்பி நட்டு, வாஷர். ஷாக்கை நேராக வெளியே இழுங்கள். கீழேயும் ஸ்டட் உள்ள வண்டியில் மேலும் கீழும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்; ஒரு முனையை மட்டும் இழுத்தால் புஷ் கோணலாகிக் கவ்விக்கொள்ளும். கழற்றிய வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

அடுத்த பக்கம் இப்போது தொடாதீர்கள். அந்த ஷாக்தான் ஸ்விங் ஆர்மை உரிய உயரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்க ஓட்டைகள் புது ஷாக்குக்கும் நேராக வரும்.

8. புஷ் மட்டும் மாற்றுவதென்றால்

தேய்ந்த புஷ்ஷைத் தள்ளி எடுக்க பிரஸ் தேவையில்லை. நீளமான போல்ட் ஒன்று, அதன் நட்டு, புஷ்ஷைவிடக் கொஞ்சம் சிறிய சாக்கெட் ஒரு பக்கம், புஷ் நுழையும் அளவு குழாய்த் துண்டு மறுபக்கம். நட்டை இறுக்க இறுக்கப் புஷ் குழாய்க்குள் நகர்ந்து வரும். சுத்தியலால் அடித்தால் ஷாக்கின் கண் நீள்வட்டமாகிவிடும், புதுப் புஷ்ஷும் ஒரு மாதத்தில் ஆடும்.

உள்ளே ஏற்றும்போது ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் ஆயிலும் வேண்டாம். ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும். கிரீஸ் போக வேண்டிய இடம் புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழலுக்குள், மெல்லிய பூச்சாக.

9. புதியதைப் பழையதோடு வைத்துப் பார்த்தல்

இரண்டையும் பக்கத்தில் படுக்க வைத்து, கண் மையத்திலிருந்து கண் மையம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாட்டாமல் திருப்பிக் கொடுங்கள். குட்டையானால் வண்டி சைடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயப் பார்க்கும், நீளமானால் டபுள் ஸ்டாண்டில் சக்கரம் தரையை விடாது, செயின் தொய்வும் மாறும். கண்ணின் துளையும் அகலமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

தலைகீழாக மாட்டக் கூடாது. சாதாரண ஆயில் ஷாக்கைக் கவிழ்த்தால் வால்வுக்கு ஆயிலுக்குப் பதில் காற்று போய்ச் சேரும். பழையதில், ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைப்பது என்று மாற்றும் பிரீலோடு வளையம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதைப் படத்தில் பார்த்து அதே திசையில் வையுங்கள். பக்கத்தில் தனி கேனிஸ்டர் (வாயுக் குப்பி) உள்ளதென்றால் இடம், வலம் குறி இருக்கும்.

நட்டு போல்ட் புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க: ஹார்டுவேர் கடையில் எம்10 (10 மி.மீ. மரை) என்று கேட்டால் கிடைப்பது 1.5 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. பெரும்பாலான பைக்குகளில் இருப்பது 1.25 பிட்ச். இரண்டு மூன்று மரை வரை ஏறிப் பிறகு இறுகும், 'நல்லா டைட்டாக இருக்கிறது' என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் ஸ்டட்டின் மரை சீவிக்கொண்டு போகும். கையாலேயே நாலைந்து மரை ஓடாத நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் உங்கள் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட்டு என்றால் ஒவ்வொரு முறையும் புதிது.

10. மாட்டுதல்

இப்போது மேல்தான் முதலில். ஸ்டட்டின் வழவழப்பான பகுதியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ், மரையில் வேண்டாம். உள் வாஷர், ஷாக், வெளி வாஷர், கேரியர் கம்பி, நட்டு என்று படத்தில் இருந்த வரிசையில் போட்டு, நட்டைக் கையால் மூன்று மரை ஏற்றி விடுங்கள்.

பிறகு ஷாக்கின் அடிப்பக்கத்தைத் தன் இடத்துக்குத் தள்ளி, மறுபடி பலகையை மிதித்துச் சக்கரத்தை உயர்த்துங்கள். ஓட்டை வழியாக மறுபக்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும்போது போல்ட்டை விடுங்கள். திருப்புளியை ஓட்டைக்குள் விட்டு நெம்பலாம்தான். ஆனால் மரை உள்ள காதில் அப்படி நெம்பினால் முதல் மரை நசுங்கும்.

நட்டு வாஷரைத் தொடும் வரை மட்டும் முடுக்குங்கள். அடுத்த பக்கத்துக்கும் 7-லிருந்து இதுவரை அப்படியே.

11. முறுக்குதல்

நான்கும் கையளவில் இருக்கும்போது வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து எட்டுப் பத்து முறை குதியுங்கள். இதில் இரண்டு காரியம் நடக்கிறது. புஷ் தன் இடத்தில் உட்காருகிறது. கடையில் படுக்கையாகக் கிடந்த ஷாக்குக்குள் இடம் மாறிய காற்று மேலே ஏறிவிடுகிறது. முதல் இரண்டு அமுக்கில் பொக்கென்று போவது அதனால்தான், பயப்பட வேண்டாம்.

கடைசி முறுக்கு சக்கரம் தரையில் இருக்கும்போதே. ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

எவ்வளவு முறுக்குவது? வண்டியின் மேனுவலில் எண் இருந்தால் அதுதான் சட்டம். இல்லையென்றால் 10 மி.மீ. மரைக்குப் பொதுவான அளவு 34 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 3.5 கிலோ இழுப்பு. தராசு இதற்குத்தான். ஸ்பேனரை நட்டில் மாட்டி, நட்டின் மையத்திலிருந்து சரியாக 20 சென்டிமீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே கயிற்றுக் கண்ணி மாட்டுங்கள். தராசின் கொக்கியை அதில் கோத்து, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். முள் 17.5 கிலோ காட்டும்போது நட்டு நகர்வது நின்றிருந்தால் போதும். 8 மி.மீ. மரை என்றால் அதே 20 சென்டிமீட்டரில் 11 கிலோ. சாய்வாக இழுத்தால் கணக்கு தப்பும். ஸ்பேனர் குட்டையாக இருந்தால் 17.5 சென்டிமீட்டரில் கண்ணி மாட்டி 20 கிலோ இழுங்கள், முறுக்கு ஒன்றுதான்.

தொப்பி நட்டில் இன்னொரு சிக்கல். வாஷர் ஒன்றை மறந்துவிட்டால் ஸ்டட்டின் முனை தொப்பியின் உட்கூரையில் முட்டிக்கொள்ளும். ஸ்பேனரில் கனமாக இறுகியது போலத் தெரியும், ஆனால் ஷாக் இன்னும் ஆடும். முறுக்கியபின் வெளி வாஷரை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் உள்ளே ஏதோ குறைகிறது.

12. பிரீலோடு

டபுள் ஸ்டாண்டில் வைத்து, கொக்கி ஸ்பேனரால் வளையத்தைத் திருப்புங்கள். பாரம் இல்லாதபோது இலகுவாகத் திரும்பும். பெரும்பாலும் ஐந்து படி இருக்கும். தனியாளாக ஓட்டினால் இரண்டாவது, பின்னால் ஆளோ பால் கேனோ என்றால் நான்காவது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம்தானே கேன் தொங்குகிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் ஏற்றாதீர்கள். ஸ்விங் ஆர்மை முறுக்குகிற வேலை அது.

கொக்கி ஸ்பேனர் தொலைந்திருந்தால் மரக்கட்டையை வளையத்தின் வெட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டலாம். திருப்புளியும் வேலை செய்யும், ஆனால் வழுக்கினால் தண்டில் கீறல் விழும், அந்தக் கீறல் புது சீலைத் தின்னும்.

13. ஓட்டிப் பார்த்தல்

கிளம்பும் முன் முன் பிரேக்கில் கட்டிய டியூப் பட்டையை அவிழ்த்தீர்களா? சைலன்சரைத் தளர்த்தியிருந்தால் அதன் நட்டுகளையும் போல்ட்டையும் முறுக்கியாயிற்றா? செயின் தொய்வைப் பாருங்கள். பல வண்டிகளில் நடுவில் 20 முதல் 30 மி.மீ., சரியான எண் மேனுவலில் இருக்கும்.

முதல் ஓட்டம் தெருவிலேயே, ஒரு கிலோமீட்டர், இரண்டு வேகத்தடை, ஒரு பள்ளம். வேலை முடிந்த கையோடு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சோதிக்க வேண்டாம். திரும்பி வந்து நான்கு நட்டிலும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், நட்டிலிருந்து வாஷர் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் அந்தக் கோடு உடைந்திருந்தால், அந்த நட்டுக்கு மட்டும் மறுபடி தராசு.